சிவிஇ-2024-3596: ஃப்ரீரேடியஸில் பேட்ச் போட்டாயிற்று, மெசேஜ்-ஆதென்டிகேட்டரைக் கட்டாயமாக்கினால் விபிஎன் விழுகிறது

கேள்வி: கம்பிக்கட்டு

இரண்டு ஃப்ரீரேடியஸ் சர்வர்கள் (ரேடியஸ் நெறிமுறையில் லாகின் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவை), முன்னால் கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் ஒரு லோடு பேலன்சர். 3.0.21-இல் ஓடிக்கொண்டிருந்தவை. ஸ்கேனர் அறிக்கையில் பிளாஸ்ட்-ரேடியஸ் ஓட்டை (தலைப்பில் உள்ள சிவிஇ) சிவப்பில் வந்ததால் இரண்டையும் 3.2.5-க்கு ஏற்றியாயிற்று.

இந்த சர்வர்களிடம் கேட்பவை மூன்று வகை. வைஃபை கன்ட்ரோலர், பீப் முறையில். விபிஎன் கேட்வே, பிஏபி முறையில் (பாஸ்வேர்டையே சர்வருக்கு அனுப்பும் எளிய முறை), பாஸ்வேர்டோடு ஃபோனில் ஒப்புதல் கேட்கும் இரண்டாம் அடுக்கும் உண்டு. சுவிட்சுகள் 38, அட்மின் லாகினும் மேக் முகவரி வழி அனுமதியும். சுவிட்சுகள் எல்லாம் கிளையன்ட்ஸ் ஃபைலில் (சர்வரிடம் கேட்க அனுமதி உள்ள கருவிகளின் பட்டியல்) /24 என்று, ஒரு முகவரித் தொகுப்பு முழுவதற்கும் ஒரே பிளாக்கில் இருக்கின்றன.

கோரிக்கையில் மெசேஜ்-ஆதென்டிகேட்டர் என்ற சரிபார்ப்புக் குறி இருந்தே ஆகவேண்டுமா என்று தீர்மானிக்கும் ரெக்வயர்_மெசேஜ்_ஆதென்டிகேட்டர் செட்டிங் 'ஆட்டோ'வில் இருந்தவரை எல்லாம் ஓடியது. பொதுவான செக்யூரிட்டி பகுதியில் 'யெஸ்' என்று மாற்றிய உடனே விபிஎன் நின்றது. 'பாஸ்வேர்டு தவறு' என்றுகூட வரவில்லை, சுற்றிச்சுற்றி டைம்அவுட் ஆகிறது. லோடு பேலன்சர் இரண்டு சர்வரும் செத்துவிட்டதாகக் காட்டுகிறது. வைஃபைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ரேட்டெஸ்ட் (ஃப்ரீரேடியஸோடு வரும் சோதனை ஸ்கிரிப்ட்) அடித்துப் பார்த்தால் அழகாக அக்செப்ட் வருகிறது!

ஆட்டோவிலேயே விட்டால் போதுமா? சுவிட்சுகளில் 11 பழையவை, இனி ஃபர்ம்வேர் வராது. அவற்றை என்ன செய்வது?

பதில்: பாக்கெட்பிரியன்

வைஃபை ஏன் தப்பியது என்பதிலிருந்து தொடங்கலாம், மற்றது தானாக விளங்கும். ஈஏபி (பீப் இதில் ஒரு வகை) சுமக்கும் ரேடியஸ் பாக்கெட் எதுவானாலும் மெசேஜ்-ஆதென்டிகேட்டர் இருந்தே ஆகவேண்டும் என்று ஆர்எஃப்சி 3579 என்ற நெறிமுறை ஆவணம் சொல்கிறது. பிஏபி, சாப், எம்எஸ்-சாப் என்ற பாஸ்வேர்டு முறைகளின் கோரிக்கைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் போனது. ஓட்டை அங்கேதான்.

ஆக்சஸ்-ரிக்வெஸ்டில் (லாகின் கோரிக்கை) 'ரிக்வெஸ்ட் ஆதென்டிகேட்டர்' என்று 16 பைட் இருக்கிறதே, பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது வெறும் ரேண்டம் எண், கையெழுத்து அல்ல. நடுவில் உட்கார்ந்திருப்பவன் கோரிக்கையில் ஒரு அட்ரிபியூட்டை (தகவல் துண்டு) செருகினால் சர்வருக்குத் தெரியவே தெரியாது. பதிலில்தான் கையெழுத்து மாதிரி ஒன்று உண்டு: கோடு, ஐடி, நீளம், ரிக்வெஸ்ட் ஆதென்டிகேட்டர், அட்ரிபியூட்டுகள், கடைசியில் ஷேர்டு சீக்ரெட் (கருவிக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்). இதே வரிசையில் கோத்து எம்டி5 ஹாஷ் (பைட்டுகளின் சுருக்க முத்திரை) எடுப்பது. சீக்ரெட் கடைசியில் ஒட்டப்படுவதுதான் வினை. எம்டி5-இல் ஒரே இடைநிலைக்கு வந்து சேரும் இரண்டு தொடக்கங்களைத் தயாரித்துவிட்டால், அவற்றின் பின்னால் எந்த ஒரே வாலை ஒட்டினாலும் ஹாஷ் ஒன்றாகவே வரும். சீக்ரெட் என்ன என்று அவனுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே அவன் செய்வது இது. தவறான பாஸ்வேர்டோடு லாகின் கேட்கிறான். சர்வர் அனுப்பப்போகும் ரிஜெக்ட் எப்படித் தொடங்கும் என்று முன்கூட்டியே கணிக்கிறான். அந்த ரிஜெக்டுக்கும் தனக்கு வேண்டிய அக்செப்டுக்கும் ஒரே ஹாஷ் வரும்படி குப்பை பைட்டுகளைக் கணக்கிடுகிறான். அந்தக் குப்பையை ப்ராக்ஸி-ஸ்டேட் அட்ரிபியூட்டில் (இடைச் சர்வர்கள் தம் குறிப்பை வைக்கும் இடம்) வைத்துக் கோரிக்கையில் செருகுகிறான். ப்ராக்ஸி-ஸ்டேட்டை அப்படியே திருப்பி அனுப்புவது சர்வரின் கடமை, அதனால் குப்பை ரிஜெக்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அந்த ரிஜெக்டின் ஆதென்டிகேட்டரைக் கழற்றித் தன் அக்செப்டில் மாட்டி விபிஎன் கேட்வேயிடம் கொடுத்தால் கதவு திறந்துவிடும்.

2024 ஜூலையில் இதை வெளியிட்ட ஆய்வாளர்களுக்கு மோதலைக் கணக்கிட 3 முதல் 6 நிமிடம் ஆனது. கருவிகளில் வழக்கமான டைம்அவுட் அதைவிடக் குறைவு, 30 முதல் 60 நொடி. 'அப்படியானால் ஆபத்தில்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் நேரம் குறையும். உங்கள் விபிஎன்னில் ஃபோன் ஒப்புதலுக்காக டைம்அவுட்டை நீட்டி வைத்திருப்பீர்கள், அது அவனுக்குக் கொடுக்கும் கூடுதல் அவகாசம்.

பூட்டு மூன்று இடத்தில் போடலாம்.

ஒன்று, சர்வர் தன் பதிலில் மெசேஜ்-ஆதென்டிகேட்டரை முதல் அட்ரிபியூட்டாக வைப்பது. அது சீக்ரெட்டை வைத்துப் போடும் ஹெச்மேக், கணிக்க முடியாது. ரிஜெக்டின் தொடக்கமே கணிக்க முடியாததாகிவிட்டால் மோதல் கணக்குக்கு வேலையில்லை. 3.2.5-உம் 3.0.27-உம் இதைத் தாமாகவே செய்கின்றன. எதிர்ப்பக்கக் கருவி அந்த அட்ரிபியூட்டைச் சரிபார்க்காவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. சர்வரை முதலில் ஏற்றச் சொல்வது இதனால்தான், நீங்கள் செய்த வரிசை சரி.

இரண்டு, கோரிக்கையிலும் அதை சர்வர் கட்டாயமாகக் கேட்பது. அப்போது செருகல் நடந்தால் ஹெச்மேக் பொருந்தாது, கழற்றி எறிந்தால் 'இல்லை' என்று பாக்கெட் விழும்.

மூன்று, சுவிட்சும் விபிஎன்னும் பதிலில் அதைக் கட்டாயமாகக் கேட்பது.

நீங்கள் இரண்டாவதை ஒரே அடியில் எல்லோருக்கும் பூட்டிவிட்டீர்கள். விபிஎன் கேட்வே தன் பிஏபி கோரிக்கையில் அந்த அட்ரிபியூட்டை அனுப்பவில்லை, சர்வர் பதில் பேசாமல் பாக்கெட்டைக் கீழே போடுகிறது. ரிஜெக்ட் வராமல் டைம்அவுட் வருவது அதனால்தான். கேட்வேயின் ஃபர்ம்வேரை ஏற்றுங்கள், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 2024 பாதியிலிருந்து இதற்கான அப்டேட் கொடுத்திருக்கிறார்கள். சிலவற்றில் ஏற்றிய பிறகும் ரேடியஸ் செட்டிங்கில் தனியாக டிக் செய்யவேண்டும்.

ரேட்டெஸ்ட் விஷயம்: அந்த ஸ்கிரிப்ட் மெசேஜ்-ஆதென்டிகேட்டரைத் தானே சேர்த்துத்தான் அனுப்பும். அது பாஸ் ஆனால் சர்வர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். உங்கள் கருவிகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பதில்: மூன்றாம்அடுக்கு

மேலே சொன்னதோடு, லோடு பேலன்சர் ஏன் விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஹெல்த் செக் ஒரு டெஸ்ட் யூசர் பெயரில் சாதாரண ஆக்சஸ்-ரிக்வெஸ்ட் அனுப்பிக்கொண்டிருக்கும், மெசேஜ்-ஆதென்டிகேட்டர் இல்லாமல். சர்வர் பதில் தராது, பேலன்சர் 'செத்துவிட்டது' என்று குறித்துவிடும். ஹெல்த் செக்கை ஸ்டேட்டஸ்-சர்வர் ('உயிரோடு இருக்கிறாயா' என்று மட்டும் கேட்கும்) பாக்கெட்டுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். அதில் மெசேஜ்-ஆதென்டிகேட்டர் ஆரம்பம் முதலே கட்டாயம், டெஸ்ட் யூசர் கணக்கு ஒன்றைத் திறந்துவைக்கும் அசிங்கமும் போகும். பேலன்சருக்கு அந்த வசதி இல்லையென்றால் அதன் ஐபிக்கு மட்டும் தனி கிளையன்ட் பிளாக் போட்டு 'நோ' வையுங்கள், அந்த டெஸ்ட் கணக்குக்கு வேறெந்த அனுமதியும் இல்லாதபடி.

இங்கே ஒரு விஷயம். பேலன்சர் மூல ஐபியை மாற்றி அனுப்புகிறதா என்று பாருங்கள். மாற்றினால் சர்வரின் கண்ணுக்கு எல்லாக் கருவியும் ஒரே கிளையன்ட். அப்போது கருவிவாரியாக எதையும் பூட்ட முடியாது, 'நோ' போட்டால் எல்லோருக்கும் 'நோ'. மூல ஐபி அப்படியே வரும்படி முதலில் திருத்திவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

'ஆட்டோ போதுமா' என்றால், போதாது. அந்த கிளையன்டிடமிருந்து வரும் முதல் பாக்கெட்டைப் பார்த்து ஆட்டோ முடிவெடுக்கிறது. அதில் மெசேஜ்-ஆதென்டிகேட்டர் இல்லையென்றால் 'நோ' என்று வைத்துக்கொள்ளும். ஈஏபி அல்லாத பாக்கெட்டில் அது இருந்தால்தான் 'யெஸ்'. ஈஏபி பாக்கெட்டில் எப்படியும் இருக்கும் என்பதால் அதை வைத்துத் தீர்மானிக்காது. உங்கள் /24 பிளாக்கில் 38 சுவிட்சும் ஒரே கிளையன்ட் என்பதால், ஒரு பழைய சுவிட்ச் முதலில் பேசினால் மீதி 37-க்கும் கதவு திறந்தே கிடக்கும். தவிர இந்த முடிவு மெமரியில்தான் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி முதல் பாக்கெட்டிலிருந்து தொடங்கும், அந்த முதல் பாக்கெட் நடுவில் இருப்பவன் கைபட்டதாகக்கூட இருக்கலாம். ஆட்டோ என்பது அப்டேட் செய்த அன்று எதுவும் உடையாமலிருக்க வைத்த ஏற்பாடு, அதிலேயே குடியிருக்கக் கூடாது.

கணக்கெடுப்பு இப்படி: பொது செட்டிங்கை ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டு, இரண்டு சர்வரிலும் யுடிபி 1812-ஐ (ரேடியஸ் போர்ட்) ஒரு முழு வேலைநாள் டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் கருவி) பிடியுங்கள். பழைய கருவிகள் 1645-இல் பேசிக்கொண்டிருக்கும், அதையும் சேருங்கள். பிறகு வயர்ஷார்க்கில் கோடு 1 ஆக இருந்து மெசேஜ்-ஆதென்டிகேட்டர் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டி, மூல ஐபிவாரியாக எண்ணுங்கள். அந்தப் பட்டியலில் வராதவை உடனே 'யெஸ்' ஆகலாம். அட்மின் லாகின் மாதத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் சுவிட்சுகள் அன்று பிடிபடாது, அவற்றில் கையால் ஒரு லாகின் அடித்துப் பார்த்துவிடுங்கள். பிடித்த ஃபைலை வேலை முடிந்ததும் அழித்துவிடவும். அதில் யூசர் பெயர்களும், சீக்ரெட்டை ஆஃப்லைனில் உடைக்கத் தேவையான சரக்கும் இருக்கிறது.

பதில் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெக்ஸ் டம்ப் போதும். ரேடியஸ் ஹெட்டர் 20 பைட். சர்வர் அனுப்பும் அக்செப்டிலும் ரிஜெக்டிலும் 21, 22-ஆம் பைட்டுகள் 50 12 என்று இருக்கவேண்டும். ஹெக்ஸில் 50 என்றால் அட்ரிபியூட் எண் 80, 12 என்றால் நீளம் 18, அதாவது தலைக்கு 2, ஹெச்மேக்குக்கு 16. வேறு ஏதாவது அந்த இடத்தில் இருந்தால் அந்த சர்வர் இன்னும் பழைய பைனரியில் ஓடுகிறது. பேக்கேஜ் ஏறி, சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகாமல் இருந்தாலும் இதே கதிதான்.

இரண்டு சர்வரிலும் பாருங்கள். ஒன்று பழையதாக இருந்தால் போதும், அவன் புதிய சர்வருக்குப் போகும் பாக்கெட்டுகளைத் தடுத்து, கருவியைப் பழைய சர்வர் பக்கம் தள்ளிவிடுவான்.

பதில்: லேன்வாசி

எல்லாம் சரி, ஆனால் சுவிட்ச் மேனேஜ்மென்ட் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்) இருந்தால் நடுவில் யார் உட்காரப்போகிறார்? 11 பழைய சுவிட்சுக்காக இவ்வளவு மெனக்கெடவேண்டுமா என்பது என் சந்தேகம்.

பதில்: பாக்கெட்பிரியன்

தனி விலான், தனி ரூட்டிங், அதில் லேப்டாப் எதுவும் ஒட்டாது என்றால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த 11 சுவிட்சை அவசரப்பட்டு மாற்றவேண்டியதில்லை, சர்வர் ஏற்றப்பட்டுவிட்டதால் முதல் பூட்டு அவற்றுக்கும் சேர்த்தே விழுந்துவிட்டது. ஆனால் 'உள் நெட்வொர்க்தானே' என்ற வாதம் விபிஎன் கேட்வேக்குச் செல்லாது. அது பெரும்பாலும் வெளி விளிம்பில் நிற்கும், சர்வர் வேறு இடத்தில் இருக்கும், இடையில் யார் யாருடைய கம்பியோ.

11-க்கும் செய்யவேண்டியது: /24 பிளாக்கிலிருந்து ஒவ்வொன்றையும் /32 ஆக (ஒற்றை முகவரி) பிரித்தெடுத்து, ரெக்வயர்_மெசேஜ்_ஆதென்டிகேட்டர் 'நோ', லிமிட்_ப்ராக்ஸி_ஸ்டேட் 'யெஸ்'. ஒரு சுவிட்சுக்கு ப்ராக்ஸி-ஸ்டேட் அனுப்ப எந்தக் காரணமும் கிடையாது, அதை அனுப்புவது ப்ராக்ஸி சர்வர் மட்டுமே. மெசேஜ்-ஆதென்டிகேட்டர் இல்லாமல் ப்ராக்ஸி-ஸ்டேட்டோடு ஒரு பாக்கெட் வந்தால் சர்வர் அதைக் கீழே போட்டுவிடும், தாக்குதலுக்குத் தேவையான குப்பைக்கூடையே போய்விடுகிறது. மீதி 27 சுவிட்சுக்கு 'யெஸ்'. ரெக்வயர் 'யெஸ்' ஆன இடத்தில் லிமிட் செட்டிங்குக்கு வேலையில்லை. உங்களுக்குக் கோரிக்கை அனுப்பும் வேறு ரேடியஸ் ப்ராக்ஸி இருந்தால் அதற்கு லிமிட் போடாதீர்கள், அதை ஏற்றிவிட்டு ரெக்வயர் போடுங்கள்.

சீக்ரெட்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிஏபி பாஸ்வேர்டு போகும் விதம்: சீக்ரெட்டையும் ரிக்வெஸ்ட் ஆதென்டிகேட்டரையும் சேர்த்த எம்டி5-ஐ 16 பைட் துண்டுகளாக பாஸ்வேர்டோடு எக்ஸார் செய்வது, வேறு மறைப்பு இல்லை. ஒரு கோரிக்கையும் அதன் பதிலும் கையில் கிடைத்தால் சீக்ரெட்டை ஆஃப்லைனில் ஊகித்துக்கொண்டே போகலாம், எம்டி5-இன் வேகத்துக்கு எட்டு எழுத்துச் சொல் எல்லாம் நிற்காது. ஓபன்எஸ்எஸ்எல் ரேண்ட் கொண்டு 16 பைட் ஹெக்ஸில் எடுத்தால் 32 எழுத்து வரும். ஹெக்ஸ் ஏன் என்றால், சில பழைய கருவிகள் சிறப்புக் குறிகளைத் தின்றுவிடும், சில நீளமான சீக்ரெட்டை ஓசைப்படாமல் வெட்டிவிடும். கருவிக்கு ஒன்று என்று தனித்தனியாக. கிளையன்ட்ஸ் ஃபைலில் 'டெஸ்டிங்123' (ஃப்ரீரேடியஸின் மாதிரி சீக்ரெட்) லோக்கல்ஹோஸ்ட் தவிர வேறெங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள், பார்த்தால் சிரிப்பு வராது.

மாற்றும்போது ஒரு பயன் கிடைக்கும். முன்பெல்லாம் பிஏபியில் சீக்ரெட் பொருந்தாவிட்டால் பாஸ்வேர்டு கன்னாபின்னாவென்று தெரியும், யூசர் தவறாக அடித்தார் என்று நினைத்து நேரம் போகும். மெசேஜ்-ஆதென்டிகேட்டர் வந்தபின் லாகில் 'ஷேர்டு சீக்ரெட் தவறு' என்றே வந்துவிடுகிறது.

பதில்: நள்ளிரவுப்பேட்ச்

விண்டோஸின் ரேடியஸ் சர்வரான என்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. 2024 ஜூலை அப்டேட் ஏறினாலும் கட்டாயமாக்கும் செட்டிங் அணைந்தே இருக்கும். நெட்ஷெல்லில் என்பிஎஸ் பகுதிக்குள் லிமிட்ப்ராக்ஸிஸ்டேட், ரெக்வயர்எம்எஸ்ஜிஆத் இரண்டையும் நீங்கள்தான் இயக்கவேண்டும், விதிவிலக்குப் பட்டியலும் கொடுக்கலாம். ப்ராக்ஸி-ஸ்டேட் இருந்து மெசேஜ்-ஆதென்டிகேட்டர் இல்லாததால் விழுந்தவை நிகழ்வு 4418-இலும், அது இல்லாததற்காகவே விழுந்தவை 4419-இலும் பதிவாகும். விபிஎன் ஆட்கள் கத்துவதற்கு முன் அந்த லாகைப் பாருங்கள்.

லினக்ஸ் டிஸ்ட்ரோ பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரவேண்டாம். பழைய எண்ணிலேயே திருத்தத்தைப் பின்னோக்கிச் சேர்த்திருப்பார்கள், பேக்கேஜின் சேஞ்ச்லாகில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். ஸ்கேனர் எண்ணை மட்டும் பார்த்துச் சிவப்புக் கொடி காட்டும்.

வைஃபை இதில் தப்பியது என்பதால் அந்தப் பக்கத்தை மறந்துவிடவேண்டாம். பீப் என்றால் ஓட்டை கருவிகளின் பக்கம். வெர்ஷன் 2.10 வரையிலான டபிள்யூபிஏ சப்ளிகன்டில் (கருவியை வைஃபையில் இணைக்கும் மென்பொருள்) சிவிஇ-2023-52160 உண்டு: சர்வர் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்காத லேப்டாப்பிடம், போலி ஆக்சஸ் பாயின்ட் இரண்டாம் கட்டத்தையே தாண்டி 'வெற்றி' என்று சொல்லிவிடலாம், பாஸ்வேர்டே தெரியாமல். 2.11-இல் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் உண்மையான மருந்து, எல்லாக் கருவியிலும் சிஏவையும் (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பு) சர்வர் பெயரையும் சேர்த்துப் பூட்டுவது. பொதுச் சிஏவை மட்டும் நம்பி, பெயரைச் சரிபார்க்காமல் விட்டால் பூட்டு இல்லாததற்குச் சமம், அதே சிஏவிடம் வேறு பெயரில் யாரும் சர்டிஃபிகேட் வாங்கலாம். பயனரையே 'இந்தச் சர்டிஃபிகேட்டை நம்பவா' என்று கேட்கும்படி விடாதீர்கள், எல்லோரும் ஆம் என்றுதான் தட்டுவார்கள். ப்ரொஃபைலாகத் தள்ளிவிடுங்கள்.

ஃப்ரீரேடியஸ் தன்னோடு தரும் சோதனைச் சர்டிஃபிகேட்டில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இயல்பாக 60 நாள்தான் ஆயுள், பிரைவேட் கீயின் பாஸ்வேர்டு 'வாட்எவர்'. 3.0.14-க்கு முந்தைய சர்வர் எங்காவது மூலையில் இருந்தால் டிஎல்எஸ் செஷன் கேஷை அணையுங்கள். செஷனைத் தொடரும் சாக்கில் உள் அங்கீகாரத்தையே தாண்டும் சிவிஇ-2017-9148 அதில்தான்.

கம்பிக்கட்டு (கேட்டவர்)

வயர்ஷார்க் வடிகட்டலில் மூன்று வகை ஐபி சிக்கியது: விபிஎன் கேட்வே, லோடு பேலன்சரின் ஹெல்த் செக், நான் சொன்ன 11 சுவிட்ச். மூல ஐபி மாறாமல்தான் வருகிறது. பதில்களில் 50 12 ஒரு சர்வரில் இருந்தது, மற்றதில் இல்லை. பேக்கேஜ் ஏறியிருந்தது, சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகவில்லை. இப்போது இரண்டிலும் வருகிறது. விபிஎன் ஃபர்ம்வேரை ஏற்றியதும் கோரிக்கையில் அட்ரிபியூட் வந்துவிட்டது.

மீதி இரண்டு கேள்வி. விபிஎன்னிலிருந்து சர்வர் வரை ராட்செக் (டிஎல்எஸ் மறைப்புக்குள் ஓடும் ரேடியஸ்) போடலாமா? 1813-இல் போகும் அக்கவுன்டிங்குக்கும் (யார் எப்போது இணைந்தார் என்ற பதிவு) இதெல்லாம் செய்யவேண்டுமா?

பதில்: மூன்றாம்அடுக்கு

கேட்வே ஆதரித்தால் ராட்செக் போடுங்கள். டிசிபி 2083, இரு பக்கமும் சர்டிஃபிகேட். அதில் ஷேர்டு சீக்ரெட் 'ராட்செக்' என்ற சொல்லாகவே இருக்கும், பதறவேண்டாம், காவல் டிஎல்எஸ்ஸிடம் இருக்கிறது. அதனாலேயே கிளையன்ட் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்காத ராட்செக் ஒன்றுக்கும் உதவாது. நடுவில் ஃபயர்வால் இருந்தால் சும்மா கிடக்கும் டிசிபி இணைப்பை அது சத்தமில்லாமல் வெட்டும், காலையில் முதலில் வருபவருக்கு லாகின் தொங்கும். ஃபயர்வாலின் ஐடில் நேரத்தைவிடக் குறைவான இடைவெளியில் ஸ்டேட்டஸ்-சர்வர் போகும்படி வையுங்கள். கேட்வே ஆதரிக்காவிட்டால் அதன் பக்கத்திலேயே ராட்செக்ப்ராக்ஸி ஒன்று. கேட்வேயிலிருந்து அந்த ப்ராக்ஸி வரையிலான துண்டு இன்னும் யுடிபிதான், எனவே 'பக்கத்திலேயே' என்றால் அதே ரேக்கில்.

அக்கவுன்டிங்குக்குத் தேவையில்லை. அக்கவுன்டிங்-ரிக்வெஸ்டின் ஆதென்டிகேட்டர் ரேண்டம் எண் அல்ல, சீக்ரெட்டைச் சேர்த்து முழுப் பாக்கெட்டுக்கும் போடும் எம்டி5. வழியில் எதையாவது செருகினால் பொருந்தாது, சர்வர் கீழே போட்டுவிடும். நீங்கள் மாற்றும் செட்டிங் ஆக்சஸ்-ரிக்வெஸ்டை மட்டுமே தொடும். ஆனால் சீக்ரெட்டை மாற்றும்போது கருவியில் 1812-க்கும் 1813-க்கும் தனித்தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் லாகின் ஓடும், அக்கவுன்டிங் மட்டும் நின்றிருக்கும். மாத அறிக்கை எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது.